முள்ளரின் மரணப் பதிவேடு

மெல்பேர்னில் இருக்கும் தமிழர் அத்தனை பேரையும் ஒரு மைதானத்தில் கூட்டி, "உங்களில ஆர் முதலில சாகப்போறியள்?" என்று ஒலிபெருக்கியில் கேட்கக்கூடிய ஒரே மனிதர் முள்ளர்தான். கேட்டுவிட்டுச் சும்மா நிற்கவும் மாட்டார். வரிசை வரிசையாக நடந்து, நாலு பேரின் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, பதிலையும் அவரே அறிவித்துவிடுவார். பிறகு வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிடுவார்.

மெல்பேர்னின் வடக்கு விளிம்பான கிரெய்கிபர்னில் ஒன்பது வருஷம் அவர் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர். முள்ளர் என்பது ஊர் வைத்த பெயர். முகத்துக்கு முன்னால் எல்லாரும் "அண்ணை" என்போம். உண்மையான பெயர் அவருடைய கடவுச்சீட்டுக்கும் மனைவி ராணியக்காவுக்கும் மட்டுமே தெரியும். ராணியக்காவும் அதைப் பாவித்ததாக நினைவில்லை. "இஞ்சருங்கோ" என்பதோடு சரி.

நாங்கள் குடிவந்த முதல் நாளே அவரோடு அறிமுகமாகிவிட்டது. பின்வளவில் நான் ஒரு தேசிமரக் கன்றை, அதாவது எலுமிச்சையை, நட்டுக்கொண்டிருந்தேன். வேலிக்கு மேலே ஒரு தலை வந்தது.

"தேசியோ?"

"ஓம் அண்ணை."

"தையில செத்துப்போம்."

தலை இறங்கிவிட்டது. "குடிபூந்த அண்டைக்கு இப்பிடி ஒரு வாயோ!" என்று என் மனைவி வாசலில் உப்பும் மிளகாயும் சுற்றினாள். தை மாதம் மூன்றாம் கிழமை தேசி செத்தது. அன்று மாலையே முள்ளர் சட்டையைக் காற்சட்டைக்குள் விட்டுக்கொண்டு, ஒரு பிஸ்கட் பெட்டியோடு முன்கதவால் வந்தார். செத்தவீட்டுக்கு வருகிற முகம். மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றார். "வடகாத்து" என்றார். பிஸ்கட்டில் இரண்டை அவரே சாப்பிட்டுவிட்டுப் போனார்.

வடகாற்றைப் பற்றி வெளியூர் வாசகர்களுக்கு ஒரு சொல். இந்த நாட்டின் நடுவே இருப்பது பாலைவனம். மார்கழி, தை என்று வருகிற எங்கள் கோடையில் சில நாட்கள் அது தன் அடுப்புக் கதவைத் திறந்து வைத்துக்கொள்ளும். அந்தக் காற்று தெற்கே வரும் வழியில் முதலில் அகப்படுவது எங்கள் பேட்டைதான். மரங்களை எல்லாம் வழித்துவிட்டு வீடு கட்டி விற்ற இடம் வேறு. களிமண் பிளந்து, காலுறை தொலைந்துபோகும் அளவுக்கு வெடிப்பு விடும். மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு குளிரூட்டியைப் போடுகிற அந்த நாட்களில், முள்ளர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே வருவார். அவருக்கு வெளியே பிள்ளைகள் இருந்தன.

பிள்ளைகள் என்றால் கள்ளிக் கன்றுகள்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் முள்ளர் பல வருஷம் பாலைவனத்துக்குள் ஒரு சுரங்க முகாமில் மெக்கானிக்காக இருந்தவர். பச்சையாக எதையாவது பார்க்காவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்று, சாப்பாட்டு மண்டபத்துக்குப் பின்னால் விதை போட்டுக் கள்ளி வளர்க்கப் பழகினார். முதல் பூ வருகிற வருஷத்தில் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். கன்றுகளை விட்டுவிட்டு, ராணியக்காவையும் கைக்குழந்தையாக இருந்த மகளையும் கூட்டிக்கொண்டு மெல்பேர்னுக்கு வந்தார். அன்று தொட்டு எத்தனையோ தடவை விதைத்துவிட்டார். எதுவும் பூக்கும் வயது வரை தாங்கியதில்லை.

முள்ளர் என்ற பெயர் வந்த கதை சின்னது. கண்ணுக்குத் தெரியாத முள் எப்போதும் அவர் கையில் இருக்கும். அவருக்கு அது மரத்துப்போய்விட்டது, மற்றவர்களுக்கு மரக்கவில்லை. ஒரு கலியாணவீட்டில் மேடையேறி மாப்பிள்ளையின் இரண்டு கன்னத்தையும் தடவி வாழ்த்தினார். அன்றைய கலியாணப் படங்கள் எல்லாவற்றிலும் மாப்பிள்ளை அழுதுகொண்டிருக்கிறார். பெண் வீட்டார் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இனிச் சொல்லப்போவது அவருடைய கடைசி விதைப்பு.

ராணியக்காவுக்கு வயிற்றில் தீராத வருத்தம் என்று தெரிந்தது ஒரு குளிர்காலத்தில். வைத்தியர் ஒரு வருஷம் என்றார். அந்த மாதம் முழுக்க முள்ளர் எவருடைய சாவைப் பற்றியும் பேசவில்லை, தெருவே பயந்துபோனது. பிறகு ஒரு நாள் வேலிக்கு மேலே தலை வந்தது. கையில் ஒரு விதைப் பொட்டலம்.

"பாலன், நீர் படிச்சனீர்தானே. இதில என்ன எழுதிக்கிடக்கு?"

நான் பகலில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் மற்றவர்களின் விபத்துகளை வாசித்துச் சம்பளம் வாங்குகிறவன். வார இறுதிகளில் எதையும் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு இந்தப் பத்தியை எழுதுகிறவன். ஆகவே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உரக்க வாசித்தேன். உருண்டையான சின்னக் கள்ளி. தலையைச் சுற்றி வட்டமாகப் பூக்கும். விதையிலிருந்து பூவுக்கு மூன்று நாலு வருஷம்.

"மூண்டு" என்றார் முள்ளர்.

"மூண்டு நாலு எண்டு போட்டிருக்கு, அண்ணை."

"மூண்டு" என்றார் மறுபடி. அவர் என்னைப் பார்க்கவில்லை. வீட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராணியக்காதான் அந்தக் கணக்கைத் தொடங்கி வைத்தவர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, காரில் இருந்து இறங்கும்போதே சொன்னாராம்: "கலியாணம் கட்டின நாள் தொட்டு எனக்கு முள்ளுத்தான் காட்டியிருக்கிறியள். போகமுந்தி ஒரு பூவைக் காட்டுங்கோ பாப்பம்." பகிடியாகச் சொன்னது. ஆனால் முள்ளரிடம் பகிடி என்று எதுவும் போய்ச் சேர்வதில்லை. வைத்தியர் கொடுத்தது ஒரு வருஷம், பொட்டலம் கேட்பது மூன்று. நடுவில் இருக்கிற இரண்டு வருஷத்தை எங்கேயாவது பிடித்துக்கொண்டு வந்துவிடலாம் என்று அந்த மனிதர் நினைத்தார்.

விதைப்பு எங்கள் குசினி வரை மணத்தது. மண்ணில் இருக்கும் பூஞ்சணம் முளைகளைத் தின்றுவிடும் என்பதால், முதலில் மண்ணைச் சுட்டெடுக்கவேண்டும். அதை அவர் ராணியக்கா கேக் சுடுகிற அவன் அடுப்பில் செய்தார். சுகம் விசாரிக்க நகரத்தின் மறுபக்கம், ரோவிலில் இருந்து நாற்பது நிமிடம் கார் ஓடி வந்திருந்த லலிதா அன்ரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்:

"நல்ல வாசமாக் கிடக்கு. என்ன வேகுது?"

"மண்" என்றார் முள்ளர்.

"ஐயோ, அவவுக்கு இப்ப மண்ணையோ குடுக்கிறியள்?"

சாப்பாட்டுக் கடைப் பிளாஸ்டிக் பெட்டிகளில் அந்த மண்ணைப் பரப்பி, பொடிக் கல் தூவி, அதன்மேல் விதையைப் போட்டார். விதை என்பது வெறும் தூசு. மூச்சு விட்டால் பறந்துவிடும் என்று, விதைத்து முடியும் வரை எவரையும் பேசவிடவில்லை. லலிதா அன்ரி இருபது நிமிடம் பேசாமல் இருந்ததை அவருடைய கணவர் இன்றும் ஒரு புண்ணியத் தலத்துக்குப் போய்வந்தவர் மாதிரிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நூற்றுக்கு மேல் முளைத்தன. ஒவ்வொன்றும் பச்சை நிறக் கடுகு. ஊசி முனையால் எடுத்துச் சின்னச் சின்னச் சட்டிகளில் பிரித்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டார். சட்டிகளைக் கழுத்து வரை மணலில் புதைத்தார். கறுப்புச் சட்டி வெளியே நின்றால் வெயிலில் வேர் அவிந்துவிடும் என்பது சுரங்க முகாமில் படித்த பாடம். தண்ணீர் விடியலில் மட்டும், அதுவும் மருந்து ஊசியால், சொட்டுச் சொட்டாக. இரவும் சேர்ந்து கொதிக்கிற நாட்களில் அதுவும் இல்லை; அந்தச் சூட்டில் கன்று குடிக்காது, அழுகும். இவ்வளவையும் வீட்டுக்குள் ஒரு யன்னலோரத்தில் வைத்துச் செய்யலாமே என்று கேட்டேன். "வீட்டுக்குள்ள வளந்தது வெளியில வந்த அண்டைக்குச் சாகும்" என்றார். ராணியக்காவின் கட்டில் பின்யன்னலை ஒட்டிக் கிடந்தது. அங்கிருந்து பார்த்தால் கன்றுகள் தெரியும். அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும், அவர் சொல்லவில்லை.

முதல் கோடையில் கன்றுகளுக்கு நிழல் கொடுத்தவை வீட்டுக் கதிரைகள். எல்லாவற்றையும் வெளியே கொண்டுபோய்க் கன்றுகளுக்கு மேல் நிறுத்திவிட்டார். சுகம் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் உட்கார ஒன்றுமில்லாமல் ராணியக்காவின் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு கதைத்தார்கள். இருபது பேர் சுற்றி நின்று குனிந்து பார்த்தால் எப்படி இருக்கும்? "பெட்டிக்குள்ள கிடக்கிற மாதிரிக் கிடக்கு. அந்தக் கதிரையளைக் கொண்டு வாங்கோ" என்றார் ராணியக்கா. அதன் பிறகுதான் முள்ளர் நிழல்வலை வாங்கினார். இரண்டு மடிப்பாகப் போட்டு, நாலு மூலையும் விறைக்கக் கட்டினார். ஒரு மூலைக்கு மட்டும் கம்பம் போதவில்லை. முதுகு உடைந்த ஒரு கதிரையை அங்கே நிறுத்தி அதில் கட்டினார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "கள்ளி பாலைவனச் சாமானெல்லோ அண்ணை, அதுக்கேன் குடை?" என்று கேட்டேன்.

முள்ளர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீர் பிறந்த அண்டைக்கு உம்மை நடுறோட்டில கிடத்தினவையே?"

"இல்லை."

"பாலைவனத்தில நிக்கிற எந்தப் பெரிய கள்ளியும் சின்னனில ஆற்றையோ நிழலில நிண்டதுதான் காணும். ஒரு பத்தை, ஒரு கல்லு, ஏதோ ஒண்டு." வலையை உள்ளங்கையால் தட்டிக் காட்டினார். "இதுக்குக் கீழ வெளிச்சம் வரும். வெயில் வராது."

இப்போது பதிவேட்டுக்கு வரவேண்டும். அது நீல அட்டை போட்ட ஒரு சாதாரணக் கொப்பி. கன்று ஒன்று செத்தால் முள்ளர் அதைக் கத்தியால் பிளந்து பார்ப்பார். பிறகு கொப்பியில் எண், திகதி, காரணம் மூன்றையும் எழுதுவார். காரணம் என்ற இடத்தில் தயவு தாட்சண்யம் கிடையாது. பூஞ்சணம். நத்தை. மைனா. வடகாற்று. இவற்றுக்கு நடுவே மனிதர்களும் இருந்தார்கள். குடித்து மிஞ்சிய தண்ணீரை "பாவம், காஞ்சு கிடக்கு" என்று ஊற்றிய லலிதா அன்ரியின் பெயர் பன்னிரண்டாம் எண்ணுக்கு எதிரே முழுதாக, தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு இருந்தது. அவர் அதைத் தற்செயலாகப் பார்த்துவிட்டார்.

"என்ன அண்ணை, என்னைக் கொலைகாரியாக்கிப் போட்டியள்! இரக்கப்பட்டெல்லோ ஊத்தினனான்."

"அப்பிடியோ?" என்ற முள்ளர் பேனாவை எடுத்தார். வெட்டப்போகிறார் என்று நானும் நினைத்தேன். அவர் பெயருக்குப் பக்கத்தில் "இரக்கத்தால்" என்று சேர்த்து எழுதிவிட்டு மூடினார்.

ராணியக்காவே இரண்டு இடத்தில் இருந்தார். ஒன்று, அவர் கொடியில் போட்ட ஈரச் சாறம் கன்றின்மேல் விழுந்தது. மற்றது, கிட்டப்போய்ப் பார்க்க ஆசைப்பட்டுத் தடக்கியது. "எழுதினதை வெட்டுங்கோ, நான் வருத்தக்காரி" என்று கட்டிலில் இருந்தே வாதாடினார். மேன்முறையீடு தள்ளுபடி. "எழுதினா எழுதினதுதான்" என்றார் முள்ளர். ஒருநாள் அவர் வெளியே போயிருந்தபோது ராணியக்கா என்னிடம் கேட்டார்: "பாலன், அந்தக் கொப்பியில என்னையும் இப்பவே எழுதி வைச்சிருக்கிறாரோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. திகதியைப் பாத்தா ஆயத்தமா இருக்கலாம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் யன்னலால் கன்றுகளைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தேன்.

வைத்தியர் சொன்ன ஒரு வருஷம் போனது. இரண்டாவதும் போனது. கன்றுகள் பட்டாணி அளவாகி, கோலிக்குண்டு அளவாகின. ராணியக்காவோ அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தார். மூன்றாம் கோடை தொடங்கும்போது கன்றுகள் நாற்பத்தொன்று மிஞ்சியிருந்தன. அடுத்த வசந்தத்தில் பூக்கும் என்றார் முள்ளர். "அப்ப நான் நிக்கிறன்" என்றார் ராணியக்கா, பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவர் மாதிரி.

நிற்கவில்லை. தை மாதம் இரண்டாம் கிழமை போய்விட்டார்.

இறுதிச் சடங்கு நாளில் வெயில் நாற்பத்து மூன்று. மண்டபத்தில் முள்ளர் வேட்டியோடு வாசலில் நின்றார். வந்தவர்கள் ஒவ்வொருவராக அவர் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தார்கள். காலையிலும் கன்றுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறார். கையில் முள் இருந்தது. அன்று அவர் கையைப் பிடித்த அத்தனை பேரும் உண்மையாகவே கண் கலங்கினார்கள். பின்வரிசையில் ஒருவருக்கொருவர் உள்ளங்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிட்னியிலிருந்து வந்திருந்த மகள் அதைக் கண்டு, அழுகையின் நடுவே ஒருமுறை சிரித்துவிட்டாள். முள்ளர் எதையும் பார்க்கவில்லை. தகனத்துக்காகச் சவப்பெட்டி திரைக்குப் பின்னால் போனபோது, "அங்கால சூடெல்லோ" என்று மட்டும் சொன்னார். எனக்குத்தான் கேட்டது.

நான் செய்த காரியத்தை இனிச் சொல்லவேண்டும்.

சுடலைக்குப் போய்வந்தால் கால் கழுவாமல் வீட்டுக்குள் போகக்கூடாது. ஊரில் கிணற்றடி, இங்கே வெளிக்குழாய். ஆட்கள் திரும்பி வருமுன் நான் விரைந்து வந்து, முள்ளர் வீட்டுப் பின்வளவில் ஹோஸைக் கையில் எடுத்துக்கொண்டேன். செத்தவீடுகளில் எனக்கு அழத் தெரியாது. ஆகவே எதையாவது கையில் பிடித்துக்கொள்வேன். ஐம்பது பேர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொதிக்கிற சீமெந்தில் கால் மாற்றி மாற்றி நின்றார்கள். காலையிலிருந்து வெயிலில் சுருண்டு கிடந்த ஹோஸுக்குள் இருக்கிற முதல் தண்ணீர் தேத்தண்ணி போடலாம் என்கிற சூட்டில் வரும். அது எனக்குத் தெரியும். தெரிந்தபடியால்தான், எவருடைய காலும் அவியக்கூடாது என்று, தண்ணீரை முதலில் ஒரு பக்கமாகத் திருப்பினேன். வறட்சிக் காலத்தில் இந்த நகரத்தில் குடியேறி, குளிக்கிற தண்ணீரையும் வாளியில் பிடித்து மரத்துக்கு ஊற்றிப் பழகியவன் நான். சீமெந்தில் விட்டு வீணாக்க மனம் வரவில்லை. செடி கொடிக்காவது போகட்டும் என்று, கீழே நிற்பவை எவை என்று யோசிக்காமலே, வலைக்குக் கீழே விட்டேன்.

ஒரு நிமிடம் இருக்கும். ஒன்றரை என்றும் வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் ஆறியதும் திருப்பி, லலிதா அன்ரியின் காலில் இருந்து தொடங்கினேன். "நல்ல பதமான தண்ணி" என்றார்.

அடுத்த நாள் காலை வேலிப் பலகை தட்டப்பட்டது. "பாலன், ஒருக்கா இஞ்சால வாரும்."

முள்ளர் அதே வேட்டியோடு வலைக்குக் கீழே குந்தியிருந்தார். கன்றுகள் பச்சை நிறம் போய், அவித்த சவ்வரிசிபோல் கண்ணாடியாக இருந்தன. ஒன்றை விரலால் அமர்த்தினார். அது கூழாகப் போனது. அடுத்ததை அமர்த்தினார். அடுத்ததை. நாற்பதையும் ஒவ்வொன்றாக அமர்த்திப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தேன். உடைந்த கதிரைக்கு அடியில் இருந்த இருபத்தாறாம் எண் மட்டும் விரலுக்கு எதிர்த்து நின்றது. கதிரையின் இருக்கை அதன்மேல் தண்ணீர் விழாமல் மறைத்திருக்கிறது.

"அவிஞ்சிருக்கு" என்றார்.

"நாப்பத்து மூண்டெல்லோ அண்ணை" என்றேன். "வெயில்."

முள்ளர் நிமிர்ந்து வலையைப் பார்த்தார். இரண்டு மடிப்பு. நாலு மூலையும் விறைப்பாக இருந்தது.

"நேற்று ஆர் ஹோஸ் பிடிச்சது?"

"கனபேர் பிடிச்சவை. நான் குசினிப் பக்கம் நிண்டனான்."

மற்றவர்களின் விபத்து அறிக்கைகளில் இந்த மாதிரி வசனங்களைப் படித்தால் ஓரத்தில் சிவப்புக் கோடு போடுகிறவன் நான். முள்ளர் கொப்பியை முழங்காலில் வைத்து எழுதினார். நிறுத்தினார். கொஞ்ச நேரம் இருபத்தாறையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி ஏதோ எழுதிவிட்டு மூடினார்.

அதற்குப் பிறகும் அவர் எனக்கு அதே முள்ளர்தான். என் மனைவி சமைத்து அனுப்பிய சாப்பாட்டை வாங்கிக்கொண்டு, "உப்புக் கூடிப்போச்சு. பாலனுக்கு இன்னும் அஞ்சு வருசம்தான்" என்று செய்தி அனுப்பினார். ஆனால் கன்றுப் பக்கம் போகும்போது நான் எப்போதும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஏழெட்டுத் தடவை வேலி வரை போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வேறு ஏதாவது கேட்டுவிட்டுத் திரும்புவேன். ஒருமுறை உரம் எங்கே வாங்கலாம் என்று கேட்டேன். எங்கள் வளவில் உரம் போட ஒன்றுமில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

குளிர்காலத்தில் மகள் வந்தாள். குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒரு பாண் ரொட்டித் துண்டும் அடுத்த விதைப்புக்கு வாங்கிய இரண்டு விதைப் பொட்டலமும் இருந்தன. "அப்பா, யூ காண்ட் லிவ் லைக் திஸ்" என்றாள். முள்ளர் வாதாடவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு கிழமையில் வீடு காலியானது.

புறப்படுகிற அன்று முன்கதவால் வந்தார், சட்டையைக் காற்சட்டைக்குள் விட்டுக்கொண்டு. ஒரு கையில் இருபத்தாறு. மற்றக் கையில் நீலக் கொப்பி.

"இதை நீர் வைச்சிரும்."

"நானோ?" கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "நீங்கள் கொண்டுபோங்கோ அண்ணை."

"சிட்னியில ஈரம். அழுகிப்போம்."

"உங்களுக்குச் சொல்லுறியளோ, கள்ளிக்குச் சொல்லுறியளோ?"

"ரெண்டுக்கும்தான்" என்றார். "ஆவணி முடியும் வரைக்கும் தண்ணி காட்டாதையும். பிறகு விடியப்புறம் மட்டும். ஹோஸ் வேண்டாம்."

அந்தக் கடைசி இரண்டு சொல்லையும் மற்றச் சொற்களைப் போலவே சொன்னார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. நான் சட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். முள் ஏறியது. "போட்டு வாறன்" என்று காரில் ஏறினார். கார் கண்ணாடி இறங்கியது. "பாலன், உமக்கு அந்தக் கொழுப்பை ஒருக்காச் சோதிச்சுப் பாரும்." கண்ணாடி ஏறியது.

கொப்பியை நான் திறக்கவில்லை. அலுமாரியின் மேல்தட்டில், என் மனைவியின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தேன். இருபத்தாறுக்கு மட்டும் மருந்து ஊசியால் தண்ணீர் காட்டினேன். என் தாயாருக்குக்கூட நான் இவ்வளவு பக்குவமாக எதையும் கொடுத்ததில்லை. கதிரையை எங்கள் வளவுக்குக் கொண்டுவந்து அதன் கீழேயே சட்டியைப் புதைத்தேன். இங்கே வசந்தமான ஐப்பசியில் ஒரு காலை, தலையைச் சுற்றி மூன்று சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. நாலாம் நாள் அவை விரிந்தன. ஒவ்வொன்றும் மூக்குத்தி அளவு.

சிட்னிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, பூத்திட்டுது."

"எது?"

"இருபத்தாறு. வேற எது இருக்கு?"

கதிரையை இழுத்து இருக்கிற சத்தம் கேட்டது.

"எத்தினை?"

"மூண்டு."

"என்ன நிறம்?"

"கடும் றோஸ்."

அவருக்குப் பின்னால் பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் சண்டை பிடிப்பது கேட்டது.

"அவ பாத்திருந்தா, இவ்வளவு நாளுக்கும் மூண்டுதானோ எண்டு கேட்டிருப்பா" என்றார். "கொப்பியில எழுதும். கடைசிப் பக்கத்தைச் சும்மா விட்டு வைச்சிருக்கிறன். செத்ததுகளோட சேத்து எழுதாதையும்."

கடைசிப் பக்கத்துக்கு நேரே போயிருக்கலாம். கொப்பியைப் பின்பக்கமாகத் திறந்தால் போதும். ஆனால் நான் முன்பக்கத்தால்தான் திறந்தேன். பூஞ்சணம், நத்தை, மைனா, லலிதா அன்ரி இரக்கத்தால். ராணியக்காவின் பெயர் அந்த இரண்டு இடத்தில் இருந்தது. தை மாதத்தில் தேடினேன். அங்கே அவருக்கு எண்ணும் இல்லை, திகதியும் இல்லை. இரண்டு வரி வெறுமையாகக் கிடந்தது.

அதற்குக் கீழே நாற்பது எண்களையும் ஒரு அடைப்புக்குள் போட்டு, திகதி எழுதி, காரணம் என்ற இடத்தில் "பாலன். ஹோஸ்" என்று எழுதியிருந்தார். அதை வெட்டியிருந்தார். எழுதினால் எழுதியதுதான் என்கிற மனிதர். அந்தக் கொப்பி முழுவதிலும் அந்த ஒரு வெட்டுத்தான். பக்கத்தில் "வெயில்" என்று எழுதியிருந்தது.

வெளிச்சம் வரும், வெயில் வராது என்று அந்த வலையைக் கட்டியவர் அவர்.